பொன் தலைக்கு வந்த விறகு

நன்று நிலைபெறுக. மழை பொய்யாதிருக்க, மதகு கசியாதிருக்க, குயவர் சூளை குளிராதிருக்க.

மும்மலை கொண்டானும், நாற்கடல் கண்டானும், ஐந்து அரசரின் முதுகு கண்டானும், ஆறாவதாக எங்கள் அரசியின் முதுகைக் காணும் பொருட்டு நொச்சியாற்றின் வறண்ட மணலில் பாளையம் இறங்கியிருப்பவருமாகிய பொற்குன்றத்துப் பேரரசர் செருவேந்தரின் சமுகத்துக்கு, குழைமண் நாட்டு அரசி இளவேண்மாளின் ஓலைநாயகம், காது சற்று மந்தமாயினும் எழுத்தாணி மந்தமாகாத கிழவன் குமிழன் சேந்தன் வணங்கி எழுதிக்கொண்டது.

தாங்கள் உயிரோடு நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டோம். இதை வழக்கமான நல விசாரிப்பு என்று கொள்ளற்க. மெய்யாகவே வியந்து எழுதுகிறேன். தங்கள் ஓலை வந்த நாள் முதலாகத் தாங்கள் இறந்துவிட்டதாகவே இந்நாடு முழுவதும் நம்பியிருந்தது.

பிழை எங்களுடையதன்று, எழுத்தாணியுடையது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் இரு நாட்டு எழுத்தரும் புள்ளி வைப்பதில்லை. குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும், குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறு வேறு வடிவமும் இல்லை. படிப்பவரே இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். தங்கள் எழுத்தர், ‘யாமே பொன் தலை. உங்கள் ஏரி தருக. யானைகள் புறப்பட்டன’ என்று எழுதினார் போலும். எங்கள் அவையில் அதைப் படித்தவர், ‘யாமே போன தலை. உங்கள் எரி தருக. யானைகள் புறப்பட்டன’ என்று படித்துவிட்டார்.

அவையினர் மேல்துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றோம். தலை போன ஓர் அரசர், தம் நாட்டில் விறகுக்கு வழியின்றி, அண்டை நாட்டிடம் எரி கேட்டு ஆளனுப்புகிறார். தம் இறுதி ஊர்வலத்துக்கு யானைகளையும் தாமே புறப்படச் செய்துவிட்டார். இப்படி ஒரு முன்யோசனை உள்ள பிணத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று அரசியிடம் விண்ணப்பித்தேன். அரசி கண் கலங்கி, கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள் என்று பணித்தார்.

அதன்பின் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஏழு தெருப் பெண்களும் தங்களுக்காக மாரடித்து அழுதனர். அந்தக் கண்ணீரில் தெற்கு வீதியில் ஓடம் விட்டார்கள். சூளைத் தெருத் தலைவி மருதி கொள்ளிக்குடம் வனைந்தாள். பேரரசர் என்பதால் குடமும் அதற்கேற்ற பேரளவில் அமைந்து, கோட்டை வாசலில் நுழையாமல் போக, வாசலை இடித்து வெளியே எடுத்தோம். மழைக்கு அதனுள் ஒதுங்கிய எருமை ஒன்று திரும்பும் வழி தெரியாமல் உள்ளேயே கன்று ஈன்றது. கன்றும் நலம். மருதி மட்டும் ஓர் ஐயம் எழுப்பினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், பொறுத்தருள்க: “ஏன் ஐயா, போனது தலை மட்டுந்தானே? மிச்ச உடம்பு இன்னும் நடமாடிக்கிட்டு இருந்தா யாரு பிடிச்சுக் கட்டுறது?”

இவ்வாறு விறகு வண்டிகளும் கொள்ளிக்குடமும் தங்கள் பாளையத்தின் எல்லையை அடைந்தபோது, தாங்கள் கூடார வாசலில் அமர்ந்து பலாச்சுளை உண்டுகொண்டிருந்ததாகவும், தலை கழுத்தின்மேல் இருந்ததாகவும் வண்டிக்காரர் செய்தி அனுப்பினர். விறகைத் திருப்பிக் கொண்டுவருவதா, அல்லது சற்றுப் பொறுப்பதா என்றும் கேட்டிருந்தனர். பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பின்னரே இந்தப் பொன் தலை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். தங்கள் அவையில் கதை சொல்லிவிட்டு எங்கள் துறைமுகத்துக்கு வந்திருந்த சிரிய நாட்டு மிளகு வணிகர் யாக்கோபை அழைத்து, மோர் கொடுத்துக் கேட்டோம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சொன்னதாவது: பாபிலோன் என்னும் மாநகரத்து அரசன் நெபுகாத்நேச்சார் கனவில் ஒரு பெருஞ்சிலையைக் கண்டதையும், தானியேல் என்னும் தீர்க்கதரிசி அதன் பொருளை விரித்ததையும் தங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாராம். ‘அரசே, பொன்னாலான அந்தத் தலை நீரே’ என்று தானியேல் சொன்ன இடம் வந்ததும், தாங்கள் சிங்காதனத்திலிருந்து துள்ளி எழுந்து, யாமும் அப்படித்தான் நினைத்தோம் என்று கூறி, வணிகர் கழுத்தில் முத்தாரம் போட்டு, முரசறையச் சொல்லிவிட்டீர்களாம். உங்களைச் சொல்லவில்லை, அது என்றோ மாண்டுபோன வேறொருவர் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் முரசு முழங்கிவிட்டதாம். முத்தாரத்தைத் திருப்பித் தந்தீரா என்று கேட்டேன். அவர் மோரைப் பார்த்தார்.

கதை தலையைத் தாண்டுமுன் தாங்கள் எழுந்துவிட்டதால், கழுத்துக்குக் கீழுள்ளதை இங்கே எழுதுவது என் கடமையாகிறது. சிலையின் மார்பும் கைகளும் வெள்ளி. அது பாரசீகர் என்கிறார் வணிகர். வயிறும் தொடையும் வெண்கலம், அது யவனர். கால்கள் இரும்பு; அது உரோமர். இவர்களில் யாரும் எங்களுக்கு அந்நியர் அல்லர். எல்லாரும் இங்கே பானை வாங்க வந்தவர்களே. உரோம நாட்டுத் தூதுவர் ஒருவர், எங்கள் பேரரசு என்றென்றும் நிற்கும் என்று என் முப்பாட்டனிடம் சொல்லிக்கொண்டே ஒரு குடத்தைத் தேர்ந்தெடுத்தாராம். அதற்குள் ஊரிலிருந்து ஆள் வந்து, அரசர் மாறிவிட்டார், சீக்கிரம் வாருங்கள் என்றதும் குடத்தை வைத்துவிட்டு ஓடினார். இன்றும் எங்கள் கொல்லையில் கோழி அதில்தான் முட்டையிடுகிறது.

பொன் தலையாகிய பாபிலோன் அரசனே பிற்பாடு செருக்கினால் மதி கெட்டு, மாடுகளோடு மாடாய்ப் புல் மேய்ந்தான் என்றும் வணிகர் சொன்னார். எங்கள் ஏரிக்கரையில் இவ்வாண்டு அறுகு செழிப்பாக வளர்ந்திருக்கிறது. வேறு காரணம் எதுவுமின்றித் தெரிவிக்கிறேன். அவனுக்குப் பின் வந்த பெல்ஷாத்சார் என்பவன் விருந்தில் குடித்துக்கொண்டிருக்கையில், ஆளில்லாத ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதிற்றாம். அவனது அவைப் புலவர் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லையாம். அந்தக் கையும் புள்ளி வைக்காமல் எழுதியிருக்கும்.

சிலையின் பாதங்களோ பாதி இரும்பு, பாதி களிமண். இதைக் கேட்டதும் மருதி சபையில் எழுந்து, “அது நம்ம மண்ணுதான், வேற எவன்கிட்ட இவ்வளவு நல்ல களி இருக்கு?” என்றாள். அவையும் ஒருமனதாக ஏற்றது. ஆகவே தாங்கள் தலை என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, நாங்கள் பாதம். இப்பொழுது தலையானது, தன் பாதத்தின்மேல் யானையை விட்டு மிதிக்கச் சொல்லி ஆணையிட்டிருக்கிறது. மிதிபட்ட பின் தலை எதன்மேல் நிற்கும் என்று தங்கள் அவையில் எவரேனும் கேட்டார்களா? கேட்டவர் இருந்தால், அவர் தலைதான் உண்மையில் போன தலையாக இருக்கும்.

ஏரி எங்களுக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது போனால் வயல் வெடிக்கும், களிமண் காயும், சக்கரம் நிற்கும், கோடைக்குள் பிள்ளைகள் சாகத் தொடங்குவார்கள். இந்த ஓலையில் கேலி இல்லாத வரி இது ஒன்றே.

இனிக் கனவின் கடைசிப் பகுதி. எவர் கையும் படாமல் பெயர்ந்த கல் ஒன்று உருண்டு வந்து சிலையின் பாதத்தில் மோதியதாம். தலையை அது தொடவேயில்லை. ஆயினும் பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் இரும்பும் களிமண்ணும் ஒன்றாகவே நொறுங்கிக் களத்துப் பதரைப்போல் காற்றில் போயின. அந்தக் கல் எது என்று வணிகர் தம் நாட்டுப் பெரியோர் கூறும் பொருளைச் சொன்னார். அது மிகவும் உயர்ந்த பொருள். எங்கள் சிற்றறிவுக்கு எட்டவில்லை. எங்களுக்குத் தெரிந்த கல் ஒன்றுதான்.

அது எங்கள் ஏரியின் மதகுக் கல். இவ்வாண்டு மழையில் ஏரி கரை தளும்ப நிறைந்திருக்கிறது. அந்த ஒற்றைக் கல் மறித்து நிற்பதால்தான் கீழே நொச்சியாறு வறண்டு, தாங்கள் கூடாரம் அடித்துப் பலாச்சுளை உண்ணத் தோதாக இருக்கிறது. சில நாளாக அந்தக் கல் தானாகவே ஆடுவதாக மதகுக் காவலர் சொல்கின்றனர். எவரும் அதில் கை வைக்கவில்லை. கை வைக்கக் கூடாது என்று அரசியும் கண்டிப்பாக ஆணையிட்டிருக்கிறார். பழுது பார்ப்பதற்குக்கூட.

ஆதலால் எங்கள் அரசியின் ஆணையாக அறிவிப்பது: தாங்கள் வேண்டுவது ஏரி எனில், அதைத் தேடித் தாங்கள் மேலே வர வேண்டியதில்லை, இருக்கும் இடத்திலேயே இருந்தால் அதுவே கீழே வரும். வேண்டுவது எரி எனில், விறகும் குடமும் தங்கள் பாளைய வாசலில் காத்திருக்கின்றன. இரண்டும் வேண்டாமெனில், யானைகளைத் திருப்பிக் கரையேறி ஊர் போய்ச் சேர்க. மூன்றில் எது என்பதைப் புள்ளியும் நெடிலும் ஐயமறத் தெரியும்படி எழுதி விடுக்க. இம்முறை ஓலை கிழிந்தாலும் பரவாயில்லை.

இவ்வோலைக்கு அரசி இட்ட முத்திரை மெழுகில் அன்று, ஏரிக் களிமண்ணில். தங்கள் கையில் சேரும்போது அது ஈரமாக இருக்கும். காயுமுன் மறுமொழி வருக.

இவை குமிழன் சேந்தன் எழுத்து. காற்றும் கரையும் சான்று. கல் இந்நேரம் வரை நின்ற இடத்தில் நிற்கிறது.