பெட்டியை விடாத கை

தணிகை முருகன் துணை

அன்புள்ள கயலுக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் குடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. பம்பாயில மழை விடாம பேஞ்சிகினு இருக்குது, அவ்வளவுதான்.

நேத்து ஷூட்டிங்ல ஒரு கூத்து. போன்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன். இந்திப் படம். பணக்காரப் பொண்ணு வீட்டு டிரைவரைக் கட்டிக்கிறா. அப்புறம் மனசு மாறி, முன்னாடி நிச்சயம் பண்ணின பணக்காரனோட கார்லயே போயிடறா. லைட் சரிபார்க்க, டிரைவரா நடிக்கிற ஹீரோ நிக்கற இடத்துல, லைட் தூக்கற என்னை நிறுத்தினாங்க. அவ பெட்டியை நான் பணக்காரன் கையில குடுக்கணும். அவனுக்குப் பதிலா நின்னவன் இழுக்கறான், என் கை விடலை. டைரக்டர் விடுடான்னு மூணு தபா கத்திட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். “அவ ஏன் போறா?”ன்னு அசிஸ்டென்ட்டைக் கேட்டேன். “கதை அப்படி”ன்னான்.

உனக்குப் பேசி முடிச்சிருந்த முறை மாப்பிள்ளை பங்காரு பாவாவை வேணாம்னுட்டுதானே நீ இந்தக் கூலிக்காரன் வீட்டுக்கு வந்தே. ஆடிக் கிருத்திகைக்கு அவர் கார்ல மலைக்குக் கூட்டிகினு போறேன்னாராமே. அம்மா முட்டிக்கு அதுதான் நல்லது, அம்மா போகட்டும். நீ படியேறிப் போயேன். இல்லை, கார்லயே போ, அம்மாவுக்குத் துணை வேணும். ஆனா தேங்கா பழப் பையை மட்டும் நீயே வெச்சிக்கோ. அவர் தூக்கிகினு வரேன்னு கை நீட்டினாலும் குடுத்துடாதே.

கூப்பிடறாங்க.

உன் வேணு