கைதட்டல் வாங்கிய பொய்

என் செல்ல அக்கா,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் செந்தூல் ஃப்ளாட்டை இன்னும் காலி செய்யவில்லை. மனசு வரவில்லை. இன்று உனக்குச் சொல்ல வந்தது நல்ல சேதியும் இல்லை.

நீ கடைசியாகப் படுத்திருந்த எங்கள் ஆஸ்பத்திரியில், பயிற்சிக்கு வரும் நர்ஸ்களுக்கு, அந்தப் புது மிஸ்ஸிகளுக்கு, நான் நடத்தும் வகுப்பு உனக்குத் தெரியும். வார்டில் தாங்கள் செய்ததைத் திரும்பிப் பார்த்து, எது சரி, எது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படித்தான் நல்ல நர்ஸ் உருவாகிறாள் என்று நம்பியிருந்தேன்.

போன வாரம் பூச்சோங்கிலிருந்து வரும் ஷாலினி எழுந்து பேசினாள். இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரப் படுக்கையில் இருந்த ஓர் ஆன்டி, படுத்தபடியே வெளிக்குப் போய்விட்டாராம். கூசிப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பேசிக்கொண்டே சுத்தம் செய்தாளாம். கருணை என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்ததாம். எல்லாரும் கைதட்டினார்கள்.

அது நீ, அக்கா.

அன்று மாலை டியூட்டி முடிந்து வந்து உன்னைக் கழுவியவள் நான். "மூக்கப் பொத்திக்கிட்டு, வரேன் ஆன்டின்னு கர்ட்டன இழுத்துட்டுப் போச்சுடி ஒரு பொண்ணு. மத்தியானத்துலேருந்து இப்படியே கெடக்குறேன்" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னாய். யார் என்று கேட்டேன். நீ சொல்லவில்லை.

"அந்த ஆன்டி என்ன சொன்னாங்க?" என்று ஷாலினியிடம் கேட்டேன்.

"தேங்க்ஸ்மா சொன்னாங்க, சிஸ்டர்."

"அவங்க என் அக்கா. அவங்கள அன்னிக்குக் கழுவுனது நான்."

அவள் முகம் வெளுத்தது. "நாத்தம் தாங்கல சிஸ்டர். திரும்பிப் போக மனசு வரல. போன பேட்ச்லயும் இப்படி நல்லா முடியுற மாதிரிதான் சொன்னாங்க, பாஸ் ஆயிட்டாங்க லா."

மலத்தையே கழுவிப் பழகிய எனக்கு அந்தப் பொய்யோடு அந்த அறையில் உட்கார முடியவில்லை. எங்கள் தலைமை சிஸ்டர் அதற்கும் மேல். "அவ மொதல்ல சொன்னதையே வகுப்பு ரிப்போர்ட்ல போடுங்க லா. படிக்க நல்லா இருக்கும்" என்றார். மாட்டேன் என்றேன். அவள் இரண்டாவதாகச் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஷாலினியைப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு சீன அம்மாவைக் கழுவிவிடக் கூட்டிப்போனேன். பாதியில் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மீதியை முடித்தாள். நான் பாராட்டவில்லை.

சின்னப் பிள்ளைதானே, விடு என்பாயா? அன்று அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது அதனால்தானா?

அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவளை வேறு யாரிடமும் தள்ளிவிட மாட்டேன், அக்கா. நாளைக் காலையும் என்னோடுதான் வார்டுக்கு வருகிறாள்.

உன் கூடப்பிறந்தவள்,
புவனா