தாலியில் மாட்டிய ஊக்கு

ஆவணி, வியாழக்கிழமை.

எக்ஸ்ரே படிப்பு மாணவர்களுக்கு இன்று பெயரை வெட்டிவிட்டு ஒரு பெண்ணின் மார்பு எக்ஸ்ரே படம் கொடுத்தேன். நடுவில் ஓர் ஊக்கு தெரியும். அது என்னவென்று குழுவாகப் பேசி அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். விழுங்கிவிட்டாள் என்றார்கள் எல்லோரும். தொட்டியத்துப் பெண் அமலா மட்டும் எடுத்த எடுப்பில், "தாலியில மாட்டுன ஊக்கு. கழட்டாம எடுத்துட்டாங்க" என்றாள்.

எனக்குச் சந்தேகம். விடைத்தாள் என் மேஜைக்குள் இருந்தது. நேற்று அறைச் சாவியை வாங்கிப் போனவள் அவள்தான். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டேன்.

"விடை எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க தாலியிலயும் ஊக்கு தொங்குதே மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த அம்மா டாக்டரப் பாத்தாங்களா? வலது நுரையீரல்ல மேல ஒரு நிழல் இருக்கு."

விடைத்தாளில் நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்ததும் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். நிழல் இருக்கிறது. போன மாதம் இருமலுக்காக எடுத்த என் படம் அது. ஊக்கும் படத்தில் விழுந்து வீணாகிவிட்டதென்று டாக்டரிடம் காட்டவே இல்லை.

"அந்த அம்மா" என்று கேட்டபோது அவள் ஏன் என் முகத்தையே பார்த்தாள்?