வாரேன் என்றால் போகிறேன்

அண்ணே,

மைக்கின் பஞ்சு உறையைத் துவைத்துப் போடலாமென்று இன்று கழற்றினேன். உங்கள் தைல வாசனை குப்பென்று அடித்தது. தொண்டையிலும் நெஞ்சிலும் அப்பிக்கொண்டு வந்து மைக்கை ஒட்டி நின்று பேசுவீர்களே, அது இன்னும் போகவில்லை. துவைக்க மனம் வராமல் அப்படியே மாட்டிவிட்டேன்.

ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, கோப்பெங் ஊரில் ஒரே பள்ளிக்கு ஆசிரியர்களாக வந்து சேர்ந்தவர்கள் நாம். எல்லாரும் உங்களை சார் என்றார்கள், எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. சனிக்கிழமைகளில் படிவம் நான்கில் படிக்கும் பிள்ளைகளுக்கு வானொலி நாடகம் சொல்லித்தரலாம் என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். எதிரொலி வராமலிருக்க ஜன்னல்களில் போர்வை தொங்கவிடும் வேலை என் தலையில் விழுந்தது. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் ஒலிப்பதிவு நின்றுவிடும், உங்கள் புலம்பல் தொடங்கிவிடும்.

நீங்கள் எழுதிய நாடகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடப்பது. நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிற ஒருவன் மனைவியிடம் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வருகிறான். திரும்பிப் போவதே இல்லை. அந்த "வாரேன்" வசனத்தைப் புருஷனாக நடித்த பையன் மைக்கில் கணீரென்று சொன்னான். பக்கத்து அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பிள்ளைகள், புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நம்ம ஆளுங்க போறப்பவும் வாரேன்னுதான் சொல்வாங்க. ரேடியோ கேக்குறவங்களுக்கு ஆளு தெரியாது லா. வர்றவன் மைக்க ஒட்டிச் சொல்லணும், போறவன் பின்னால நகந்துக்கிட்டே சொல்லணும்" என்றீர்கள். பிறகு நீங்களே சொல்லிக்கொண்டு கதவுவரை பின்னால் நடந்து காட்டினீர்கள். கண்ணை மூடிக் கேட்டேன். ஆள் போய்விட்டதென்றே நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. தோட்டத்து வீட்டில் கிழவனாகிப் படுத்திருக்கும் அந்தப் புருஷன் பேசுவது. அந்தக் குரல் உங்களுடையது. அதற்குள் நுரையீரல் நோய் உங்களைப் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பார்க்க வருகிறேன் என்றதற்கு, வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். வெள்ளிக்கிழமை நீங்களே ஃபோன் போட்டீர்கள்.

"புள்ளைங்கள ரெடியா வெச்சிரு தங்கச்சி. வாரேன்."

குரல் காதை ஒட்டி, தெளிவாக இருந்தது. தேறிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் போர்வைகளைத் தொங்கவிட்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைத்துக் காத்திருந்தேன். அண்ணியின் ஃபோன் வந்தது. விடியற்காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரமண்ணே. பத்து காஜா என்ன சீமையிலா இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்து முகத்தையாவது பார்த்திருப்பேன்.

கருமக்கிரியை முடிந்தபின் அண்ணி சொன்னார். அந்த ஃபோனைப் போடுவதற்கு முன் தலையணை வைத்து உங்களை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னீர்களாம். ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றச் சொன்னீர்களாம். வெகுநேரம் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஃபோனை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசினீர்களாம். பேசி முடித்ததும் சாய்ந்துவிட்டீர்களாம்.

கடைசிக் காட்சியை இன்னும் பதிவு செய்யவில்லை. வேறு குரல் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தட்டிக்கழிக்கிறேன். வகுப்பு முடிந்து அவர்கள் "வாரோம் டீச்சர்" என்று நடைபாதையில் போகும்போது, அந்தக் குரல்கள் தேய்ந்து மறையும்வரை கதவடியில் நிற்கிறேன்.

போகிறவன் பின்னால் நகர்ந்து சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். நீங்கள் மட்டும் ஒட்டி நின்று சொன்னீர்கள். நன்றாக நடித்தீர்கள் அண்ணே. நான் நம்பிவிட்டேன்.