சித்தப்பாவுக்கு அனுப்பிய நிலக்கரிப் படம்

மயிலாடுதுறை
ஐப்பசி 20

அன்பு மகள் குந்தவைக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். ஜார்க்கண்டில் நீ சுகமா என்பதை என் தம்பி பஞ்சநதத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடக்கிறது, மழை பரவாயில்லை. போன ஞாயிறு பஞ்சநதத்தின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பந்திக்கு முன்னால் அவன் பெரிய தாள் ஒன்றை விரித்து, குந்தவை எனக்கு அனுப்பியது என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். நீ வேலை பார்க்கும் இடத்தில் பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரி அடுக்குகளின் படம். அடியில் கிடப்பதுதான் முதலில் படிந்ததாம், அதனால் அதற்கு எண் ஒன்று, மேலே வர வர இரண்டு, மூன்று என்று பதினெட்டு வரைக்கும், நடுநடுவே மணற்பாறை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நீ புதிதாகக் கண்ட முழ உயர அடுக்குக்கு எட்டு ஏ என்று பெயராம். எனக்கு இலையில் கை வைக்கப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அவன் வாத்தியார், அவனுக்குத்தான் புரியும் என்று நினைத்தாயா? நம் வயலில் போர் போட்டபோது வண்டல், களி, ஆற்று மணல் என்று வெளியே வந்ததற்கெல்லாம் உனக்குப் பெயர் சொன்னவன் நான், பஞ்சநதம் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, உன் சித்தி மங்களாம்பிகையிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பதினெட்டையும் விரல் வைத்துப் படித்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான். திருடன் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. இருந்தாலும் கேட்டேன், எனக்கு ஏண்டா அனுப்பல என்று. "கோவிச்சுக்காதீங்கண்ணே. அந்த அடுக்கைப் பார்க்க நானூறு அடி சுரங்கத்துல இறங்குறா. அப்பாவுக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டாரு, சொல்லிடாதீங்க சித்தப்பான்னா" என்றான். மூன்று நாளாக நான் தூங்கவில்லைதான். ஆனால் உனக்காகக் கவலைப்படுகிற வேலையையுமா அவனுக்குக் கொடுப்பாய்? நீ அங்கே வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷமாக அவன் பயந்துகொண்டு இருந்திருக்கிறான், நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அதுதான் பொறுக்கவில்லை.

இனி இறங்குமுன் எனக்குப் போன் செய், மேலே வந்ததும் செய், அவனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தலைக்கவச வாரை இறுக்கிக் கட்டு. அம்மாவுக்கு எதுவும் தெரியாது, சொல்லிவிடாதே. மாயூரநாதர் புண்ணியத்தில் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
வைரக்கண்ணு