தொண்ணூறு வேளை

மட்டாஞ்சேரி,
8.1.2025

அன்புள்ள சங்கரிக்கு,

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அக்கா கேட்பாள். போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, நான்காவது நிமிடம் உன் அக்கா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். காகிதத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வசதி எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், எவ்வளவு வெளியில் சாப்பிடுகிறார்கள் என்று சர்க்கார் கேட்டு எழுதுகிறதாம். நம் தெருவில் பத்து வீடு சீட்டில் விழுந்திருக்கிறது, அதில் நம் வீடும் ஒன்று. எனக்கு லாட்டரி ஒருநாளும் விழுந்ததில்லை, இது விழுந்திருக்கிறது.

அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். கடைசியில், "சேட்டா, ஒரு ஆளுக்கு மாசத்தில் தொண்ணூறு நேரம் ஊணு. அதில் வீட்டில் சமைச்சது எத்தனை, புறத்துநின்னு கழிச்சது எத்தனை?" என்று கேட்டாள். வெளியில் சாப்பிட்டது தொண்ணூறும் என்றேன். அவள் நிமிர்ந்து அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். கேஸ் அடுப்பின் மேல் நீ விரித்துவிட்டுப் போன பழைய துண்டு அப்படியே கிடந்தது.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள். மகள் பெங்களூரில், இங்கே இரண்டு பேர் என்றேன். "சேச்சி எவிடே?" என்றாள். ஊருக்குப் போயிருக்கிறாள், அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அதையும் எழுதிக்கொண்டாள். சர்க்கார் புத்தகத்தில் நீ அடுத்த வாரம் வருகிறாய். அந்தப் பெண் அடுத்த மாதம் மறுபடியும் வருவாளாம். அதற்குள் நீ வந்துவிட்டால் நான் பொய் சொன்னவனாக மாட்டேன்.

நீ போய் ஆறு வாரமாகிறது. எதற்குப் போகிறாய் என்று கேட்டதற்கு, "யோசிச்சுப் பாருங்க" என்றாய். யோசித்தேன். சுனிதா தினமும் பெங்களூரிலிருந்து போன் செய்து அம்மா வந்தாச்சா என்று கேட்கிறாள். அவள் மலையாளத்தில் கேட்கிறாள், நான் தமிழில் சமாளிக்கிறேன். எத்தனை நாளைக்குச் சமாளிக்க முடியும் என்று தெரியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

இப்படிக்கு,
ஆறிப்போன அடுப்பங்கரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்
ஆறுச்சாமி


செங்கோட்டை,
15.1.2025

என் வீட்டுக்காரருக்குச் சங்கரி எழுதுவது.

நேற்றுப் பொங்கல். அக்கா பாக்கியலக்ஷ்மி வீட்டில் பானை பொங்கும்போது எல்லாரும் குலவை போட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. திட்டியாவது போடு என்று கேட்டதால் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் ஒரு மாதக் கணக்குத்தான் சொன்னீர்கள். நான் இருந்தபோதும் அதே கணக்குதான் என்று சொல்லியிருக்க வேண்டும். முன்பெல்லாம் ஹோட்டலில் முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, "சமைச்சவனுக்கு அவன் சமைச்சது இறங்காது, சங்கரி, ரசம் இருக்கா?" என்று கேட்பீர்கள். நின்றுகொண்டே இரண்டு டம்ளர் குடிப்பீர்கள். போன வருஷத்துக்கு முந்தின ஓணம் கழிந்ததும் அந்தக் கேள்வி நின்றுபோனது. கையில் பார்சல் வர ஆரம்பித்தது. காலையில் இட்லிப் பார்சல், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல், ராத்திரிக்குச் சப்பாத்தி. நான் சமைத்து மூடி வைத்தது மூடியபடியே இருக்கும். பிறகு நானும் சமைப்பதை விட்டேன். பன்னிரண்டு மாதம் ஒரே சிலிண்டர் ஓடியது. சாயாவுக்கு மட்டும் அடுப்பு பற்றவைக்கும் வீடு அந்தத் தெருவில் நம்முடையதுதான்.

அந்த ஹோட்டலிலாவது எனக்கு ஒரு இடம் உண்டா? பணியாளர் வீட்டுப் பெண்கள் அங்கே வந்து உட்காரக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லுவீர்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே இலை முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. வீட்டிலும் என் சாப்பாடு வேண்டாம், வெளியிலும் என்னைக் கூட்டிப் போக முடியாது.

போன கார்த்திகையில், உங்களுக்கு விடுமுறை நாள். ஆசையாகப் புளிக்குழம்பு வைத்தேன். நல்லாயிருக்கு என்றீர்கள், இன்னொரு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் நான் சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் உப்பே இல்லை. மறந்திருக்கிறேன். அடுத்த வாரம் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன். அதற்கும் நல்லாயிருக்கு, அதற்கும் இன்னொரு கரண்டி.

ஊரே கைநக்கிச் சாப்பிடுகிற சரக்கு மாஸ்டர் நீங்கள். உங்களுக்கு உப்பில்லாதது தெரியாதா? பெண்டாட்டி வைத்த குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடக்கூட மனசில்லாமல் போன மனிதரோடு எனக்கு என்ன வேலை என்று தோன்றியது. அதனால் வந்துவிட்டேன்.

சர்க்காரிடம் சொன்ன பொய்யை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கரி


மட்டாஞ்சேரி,
20.1.2025

அன்புள்ள சங்கரிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நாலு தடவை படித்தேன். ஹோட்டலில் பீட்ரூட் பொரியலை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன், அது அடிப்பிடித்ததும் எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

எனக்கு வாசனையும் ருசியும் போய்விட்டது. அந்த ஓணத்துக்கு முன்னால் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேனே, எழுந்தபோது இல்லை. வந்துவிடும் என்று பார்த்தேன், வரவில்லை. உப்பு, புளி, காரம், பெருங்காயம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். வெந்நீரில் நனைத்த பஞ்சைச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஹோட்டல் வழக்கம் உனக்குத் தெரியாது. காலையில் முதல் பாத்திரம் இறங்கினதும் சரக்கு மாஸ்டர் உள்ளங்கையில் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றுவார்கள். முதலாளி நீலகண்டன் அண்ணன் வாசலில் நின்று, "மாஸ்டரே, உப்பு பார்த்தாச்சா?" என்று கேட்பார். நான் கையை நக்கிவிட்டுப் பார்த்தாச்சு என்று சொன்னால்தான் இலை விழும். பதினேழு மாதமாகத் தினமும் அந்தக் கையை நக்கி நடிக்கிறேன். கைக் கணக்கு பழகியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். சாயா அடிக்கிற யூசுப் மட்டும் பசிக்கிறது என்று காலையிலேயே வந்து ஒரு தம்ளர் சாம்பார் வாங்கிக் குடிப்பான். "மாஸ்டரே, ஒரு நுள்ளு உப்பு கூடட்டே" என்று ஒருநாள் சொல்லுவான், இன்னொரு நாள் எல்லாம் சரியாக இருந்தால் "பாகம்" என்பான். அவன் நாக்கில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, பாவம், அவனுக்கே அது தெரியாது.

ருசி தெரியாத சமையல்காரனை யார் வைத்திருப்பார்கள், சொல். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? உன்னிடம் சொன்னால் நீ அக்காவிடம் சொல்லுவாய், அக்கா செங்கோட்டைக்கே சொல்லுவாள் என்று பயந்தேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நீ என் முகத்தையே பார்ப்பாய். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்ல? பார்சல் என்றால் நீ கேட்க மாட்டாய், நானும் சொல்ல வேண்டாம். அதற்குத்தான் தொண்ணூறு வேளையும் வெளிச்சாப்பாடு. உன் ரசம் வேண்டாம் என்று இல்லை. உன் ரசத்தை வாயில் ஊற்றிக்கொண்டு அது வெந்நீர் மாதிரி இருப்பதைத் தாங்க முடியவில்லை.

அந்தப் புளிக்குழம்பில் உப்பில்லை என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. நீ சந்தோஷமாக இருந்தாய், அதனால் இன்னொரு கரண்டி கேட்டேன்.

யாரிடமும் சொல்லிவிடாதே.

ஆறுச்சாமி


செங்கோட்டை,
25.1.2025

என் வீட்டுக்காரருக்கு,

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிச் சேச்சிக்கு இன்றைக்கே போன் செய்து நம் வீட்டுக்குப் போய் கேஸ் சிலிண்டரை மூடச் சொன்னேன். எதற்கென்று கேட்டார், நான் சொல்லவில்லை. மூக்கு வேலை செய்யாத மனிதருக்குக் கேஸ் கசிந்தால் எப்படித் தெரியும்? நீங்கள் இரண்டு மாதமாக அடுப்பைத் தொடாமல் தொண்ணூறு வேளையும் வெளியில் சாப்பிட்டதற்கு இப்போது சாமிக்கு விளக்குப் போட்டேன். இதே வாயால்தான் அதைத் திட்டினேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து என்னடி என்றாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பயமாகிவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மனசுதான் போய்விட்டது என்று நான் நினைத்திருக்க, போனது மூக்குதான் என்கிறீர்கள். இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டியாவது நிம்மதியாக மூச்சு விடுவாளா? நான் விட்டேன். நீங்கள் பதினேழு மாதம் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள், நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களை நான் மன்னிக்கிற நாள் இன்னும் வரவில்லை. போன வருஷம் ஒருநாள் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததற்கு என்ன பேச்சுப் பேசினேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் மிச்சம். அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வாயை மூடத் தெரியும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, எர்ணாகுளத்தில் மூக்கு டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இலை முன்னால் உட்கார்ந்தவன் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். வேலை போனால் போகட்டும். நான் வீட்டில் சமைப்பேன், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சங்கரி


மட்டாஞ்சேரி,
15.2.2025

அன்புள்ள சங்கரிக்கு,

கமலாக்ஷிச் சேச்சி அன்றைக்குச் சாமியாடிக்கொண்டு வந்து சிலிண்டரை மூடினார். நான் ஏதோ செய்துகொள்ளப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. ஒரு வாரம் வாசலில் நின்று என்னைக் கண்காணித்தார். காலையில் புட்டும் கடலையும் வேறு கொடுத்து அனுப்பினார்.

டாக்டரைப் பார்த்தேன். காய்ச்சலில் வந்த கோளாறுதான், மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார். காலையும் மாலையும் நாலு வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னார். கிராம்பு, ஏலக்காய் என்று ஆரம்பித்தார். "டாக்டரே, நான் மட்டாஞ்சேரி" என்றேன். அவரே சிரித்துவிட்டார். இப்போது வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சுக்குக் கிடங்கு, மிளகுக் கிடங்கு வாசலில் எல்லாம் நின்று நின்று போகிறேன். சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டு, மாஸ்டர் என்ன இங்கே சாமி கும்பிடுகிறார் என்று கேட்கிறார்கள்.

முதலாளியிடம் சொல்லுவதற்குப் பத்து நாள் தைரியம் வரவில்லை. போன திங்கள்கிழமை என் கையில் சாம்பார் ஊற்றினார்கள். "உப்பு பார்த்தாச்சா?" என்றார். நான் கையை அப்படியே நீட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியலை, அண்ணா. ரொம்ப நாளா ஒண்ணும் தெரியலை" என்றேன். சாம்பார் முழங்கை வரை வழிந்தது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது எனக்கு முதல் ஆழ்ச்சயே அறியும். நீயே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். முதல் வாரமே தெரியுமாம். அந்த ஓணம் முடிந்த வாரம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். நான் கையை நக்கிவிட்டுச் சரி என்றபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து யூசுப்பைக் காலையில் சாம்பார் குடிக்கச் சொன்னதே அவர்தான். யூசுப்புக்குச் சாம்பார் பிடிக்கவே பிடிக்காதாம், சங்கரி. "மாஸ்டரோட கைக் கணக்கு போயிட்டில்லல்லோ. நாக்கு நான் தராம்" என்று, தன் நாக்கைத் தருவதாக அவன் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். ஊர் ஏமாறவே இல்லை, என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வேலை போகவில்லை. ராத்திரி படுத்ததும் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று.

இன்னொன்று. முந்தாநாள் கால்வாய்ப் பாலத்தில் நடந்து வரும்போது மூக்கில் என்னவோ ஏறியது. நின்றுவிட்டேன். சாக்கடை நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள், நான் கைப்பிடியில் சாய்ந்து நன்றாக இழுத்து இழுத்து முகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, ஆனால் வந்ததே. நேற்றும் ஒரு தடவை வந்தது. பெருங்காயம் வரும்வரை சாக்கடையே போதும் எனக்கு.

அந்தச் சர்க்கார்ப் பெண் வந்துவிட்டுப் போனாள். சேச்சி எவிடே என்றாள். அடுத்த வாரம் என்று மறுபடியும் சொன்னேன். என்ன செய்யட்டும்?

ஆறுச்சாமி


செங்கோட்டை,
20.2.2025

அன்புள்ள அவருக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் அக்காவிடம் பெட்டியை எடுக்கச் சொன்னேன். சமாதானமா என்றாள். சாக்கடை நாற்றம் வருகிறதாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் எர்ணாகுளம் வந்து இறங்குகிறேன். அந்தப் பெண் இனி வந்தால் நான் பதில் சொல்லுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில், இரண்டு நாள் வெளியில் என்று எழுதிக்கொள்ளட்டும். உப்பை நான் பார்ப்பேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

அந்தப் புளிக்குழம்பை நீங்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினதற்காகத்தான் கோபித்துக்கொண்டு வந்தேன். ஒரு ருசியும் தெரியாமல் இன்னொரு கரண்டி கேட்டிருக்கிறீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் இப்போது திரும்பி வருகிறேன்.

வெள்ளிக்கிழமை வீட்டில் அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை. ரயிலில் வந்த அலுப்பு இருக்கும். பெட்டியை வீட்டில் வைத்துக் குளித்துவிட்டு நேரே உங்கள் ஹோட்டலுக்கு வருவேன். யாருடைய வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கட்டும், சொல்லிக்கொள்கிறேன். பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஒரு இலை போடச் சொல்லுங்கள், ஜன்னல் பக்கமாக. ரசம் இரண்டு டம்ளர் வேண்டும். உப்புக் குறைந்தால் மாஸ்டரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சண்டை போடுவேன்.

சங்கரி