நினைப்பு மேகங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலாளி,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் படம் வரைந்து பேசிப் பழகக் கற்றுத்தரும் வகுப்பை நிறுத்திய ஆணையைத் திரும்பப் பெற வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மனு எழுதிப் பழகியவன் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றே சென்ற ஆண்டு வரை நினைத்திருந்தாள். பள்ளியில் விழுந்து முட்டி சிராய்த்தால் வீட்டில் சொல்ல மாட்டாள். நாங்கள் ஏன் மருந்து போடவில்லை என்று மாலை முழுவதும் கோபித்துக்கொள்வாள். எதற்குக் கோபம் என்று புரியாமல் நானும் என் மனைவியும் விழிப்போம்.

2. பள்ளியின் சிறப்பு ஆசிரியை குச்சி மனிதர்களை வரைந்து பாடம் நடத்துகிறார். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஐந்து கோடு, அவ்வளவுதான். வாயருகே வாலுள்ள வட்டம் போட்டால் அது பேச்சு. தலைக்கு மேலே மேகம் போட்டால் அது நினைப்பு. இரண்டிலும் ஒன்றே இருக்க வேண்டியதில்லை என்பதுதான் பாடம். ஒருவருடைய மேகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஊகித்து வரைந்து, அவரிடமே காட்டி, "சரியா?" என்று கேட்க வேண்டும். இது அந்த வகுப்பின் சட்டம்.

3. இதைக் கேட்டு முதலில் சிரித்தவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி படுத்திருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றாள். நானும் சரி என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். மகள் ஒரு தாளோடு வந்தாள். படுத்திருக்கும் குச்சி மனுஷி. வட்டத்தில் "ஒண்ணுமில்ல". மேகத்தில் "தலை வலிக்குது". அம்மாவிடம் நீட்டி, "சரியா?" என்று கேட்டாள். என் மனைவி தலையை ஆட்டிவிட்டு அழுதாள். குழந்தை போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அந்த "ஒண்ணுமில்ல"வை அப்படியே நம்பியவன் நான்.

மின்சுற்று வரைபடம் இல்லாமல் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மனிதர்களுக்கும் அப்படி ஒரு வரைபடம் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஐந்து கோட்டில் அதைக் கண்டபோது, மறைக்காமல் சொல்கிறேன் ஐயா, உடம்பு சிலிர்த்துவிட்டது.

4. இம்மாதம் நான்காம் தேதி தங்கள் அலுவலக ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். குழந்தைகள் வாசித்ததைக் கேட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று பாராட்டினார். இடையில் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். முகம் பார்த்துப் பழகாத என் மகள் அதைப் பார்த்திருக்கிறாள். உடனே வகுப்புச் சட்டப்படி அவரை வரைந்தாள். வட்டத்தில் "ரொம்ப நல்லா இருக்கு". மேகத்தில் "எப்ப சாப்பிடப் போறது". எழுந்து போய் அவர் கையில் கொடுத்து, "சரியா?" என்றும் கேட்டுவிட்டாள். தலைமையாசிரியை சிரித்தது தவறுதான். அதற்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்கிறேன். பத்து நிமிடத்தில் ஆய்வாளர் சாப்பிடப் புறப்பட்டார் என்பதைச் சாட்சியத்துக்காக மட்டும் குறிப்பிடுகிறேன்.

5. ஆறாம் தேதி ஆணை வந்தது. "கிறுக்கல் வகுப்பு" நிறுத்தப்பட வேண்டும், அந்த வகுப்புக் குழந்தைகள் தாழ்வாரச் சுவரில் வரைந்த படங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஆசிரியை புத்தகக் கிடங்குக்கு மாற வேண்டும் என்று. திங்களன்று சுண்ணாம்பு வாளி வந்துவிடும்.

6. ஆணையைப் பற்றி என் மகளுக்கு வருத்தம் இல்லை. அது அவளுக்குப் புரியவுமில்லை. அவள் கேட்ட கேள்விக்கு ஆய்வாளர் பதில் சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய வருத்தம். ஊகம் தப்பு என்று முடிவு கட்டி, ஒரு வாரமாகப் பென்சிலைத் தொடவில்லை. புதன்கிழமை முட்டியில் ரத்தத்தோடு வந்து, எங்கள் இருவர் மேலும் கோபமாக உட்கார்ந்திருந்தாள். பழைய இடத்துக்கே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

7. ஆகவே ஆணையை நிறுத்திவைத்து, ஆசிரியையை வகுப்பிலேயே இருக்க அனுமதித்து, அந்தச் சுவரைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று இதை எழுதும்போது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பென்சிலை எடுத்தாள். அவள் வரைந்ததை இத்துடன் இணைத்துள்ளேன். நாற்காலியில் இருப்பது தாங்கள். கையில் இருப்பது இந்த மனு. மேகத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "இவரை நான் பார்த்ததே இல்லப்பா. அவர் என்ன நினைக்கிறார்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அடுத்தவர் நினைப்பு தனக்குத் தெரியாது என்று ஒன்பது வயதில் முதல் முறையாக அவள் ஒப்புக்கொண்ட கேள்வி அது. மேகத்தைத் தாங்களே நிரப்பி அனுப்பினால் போதும். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
(கையொப்பம்)
மாணவியின் தகப்பன்

நாள்: மார்ச் 14
இடம்: பள்ளிக்கு எதிர்வரிசை, மாடி வீடு

இணைப்பு: படம் ஒன்று. பென்சில் ஒன்று.